இரண்டு பூட்டுகளோடு ஒரகடத்துக்கு

மலேசியாவில், எங்கள் பட்டர்வொர்த்தில் யாரிடமாவது இந்தியாவுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், எந்தெந்தக் கோயிலுக்குப் போனாய், சேலை என்ன எடுத்தாய் என்றுதான் கேட்பார்கள். நான் பார்த்தது ஒரு பிரஸ். கார் கதவுக்குத் தகடு அடிக்கும், இரண்டு மாடி உயர இயந்திரம். அதைச் செய்து விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆள் நான். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு தொழிற்சாலையில் அது எண்ணெய் கக்கிக்கொண்டு நிற்கிறது, ஐந்து நாளில் சரிசெய்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அதுதான் முதல் இந்தியப் பயணம். சேலை எதுவும் எடுக்கவில்லை.

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி இரண்டு சிவப்புப் பூட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றில் என் படம் ஒட்டியிருந்தது, இன்னொன்றில் குணாவின் படம். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு பூட்டு என்று கேட்டார். வேலைக்கு என்றேன். அவர் என்னையும் படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போங்க என்றார். நியாயமான கேள்விதான். அடுத்த ஐந்து நாளும் அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லியே நான் மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

எங்கள் தொழிலில் ஆளுக்கொரு பூட்டு உண்டு. இயந்திரத்துக்குள் தலையை விடுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, அந்த விசையில் அவரவர் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். வெளியே வந்து அவரவர் கையால் திறக்கும்வரை முதலாளியே வந்து நின்றாலும் அந்த இயந்திரம் ஓடாது. உள்ளே யார் இருக்கிறார் என்று தெரிவதற்காகப் பூட்டில் படமும் பெயரும் ஒட்டியிருக்கும்.

குணசேகரன் பதினெட்டு வருஷம் என்னோடு இயந்திரங்களுக்குள் புகுந்து புறப்பட்டவர். பதினெட்டு வருஷம் என்னோடு ஒரே கட்டிலில் படுத்தவரும் அவர்தான். ஊரைப் பொறுத்தவரை நாங்கள் வாடகை மிச்சம்பிடிக்கும் இரண்டு பிரம்மச்சாரிகள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. கிள்ளானிலிருந்து அவருடைய அண்ணன் வந்து எல்லாக் காரியத்தையும் எடுத்துப்போட்டுச் செய்தார். என்னிடம், "நீங்க நாற்காலிய மட்டும் பார்த்துக்குங்க தம்பி" என்றார். பார்த்துக்கொண்டேன். அன்று முழுக்க நான் செய்ததெல்லாம் அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பியதும் அடுக்கியதும்தான்.

குணா எனக்கு யார் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் ஒருவரிடமும் சொல்லவில்லை. வாயில் வராதது கை வழியாகக் கிறுக்குத்தனமாக வந்தது. வேலைக்குப் போன இடத்திலெல்லாம் என் பூட்டுக்குப் பக்கத்தில் அவர் பூட்டையும் மாட்டினேன். சாயந்திரம் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் ஊரில் அதைப் பார்த்த யாரும் எதுவும் கேட்கவில்லை. சங்கடமான விஷயத்தைக் கேட்காமலிருப்பதற்கு எங்களிடம் மரியாதை என்று பெயர். போதாததற்கு எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே சட்டமும் கையில் பிரம்போடு நிற்கிறது.

முதல் நாள் காலையே என் பவிசு வெளிப்பட்டுவிட்டது. நான் தங்கிய விடுதியில் கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும்தான் அதிகம். மலேசியக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் வரவேற்பிலிருந்த பெண் கொரிய எழுத்தில் ஒரு மெனுவை நீட்டினார். நான் பெருமையோடு தமிழில், பசியாற என்ன இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் நாட்டில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். அந்தப் பெண் உள்ளே திரும்பி, சார் இன்னா கேக்குறார்னு பாருண்ணா என்று சமையல்காரரைக் கூப்பிட்டார். கடைசியில் இட்லியும் வடகறியும் வந்தன. வடை மிஞ்சினால் அதைக் குழம்பாக்கலாம் என்று யோசித்த மனிதருக்கு என் வணக்கம். ஆறு இட்லி சாப்பிட்டேன்.

கம்பெனி பஸ் ஆறரைக்கு ஒரகடம் சந்திப்புக்கு வரும், முன் கண்ணாடியில் நம்பர் ஒட்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணாடியில் நம்பர் ஒட்டிய வெள்ளை பஸ்கள் எறும்பு வரிசை மாதிரி வந்துகொண்டே இருக்கும். என் நம்பர் வந்ததும் ஏறினேன். உள்ளே எல்லோரும் கழுத்தில் அடையாள அட்டையோடு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகும்போதே இவ்வளவு அசதியா என்று பரிதாபப்பட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வாலாஜாபாத்தில் என்னை எழுப்பிய டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார். நம்பர் ஒன்றுதான், ஆனால் அது வேறொரு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்தவர்களை வீட்டில் விடப்போகும் வண்டி. ஆமாம், நானும் தூங்கிவிட்டேன்.

ஷேர் ஆட்டோவில் எட்டோடு ஒன்பதாவது ஆளாக ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொழிற்சாலை வாசலில் இறங்கினேன். அங்கே ஒருவர் கையில் இரண்டு ஜோடி பாதுகாப்புக் காலணிகளோடு காத்திருந்தார். மெயின்டனன்ஸ் போர்மேன் ஏழுமலை. நாற்பத்தெட்டு வயது இருக்கும், மீசையில் பாதி நரை, சட்டைக் கை முழங்கைவரை மடித்திருந்தது. எனக்கு எட்டா ஒன்பதா என்று தெரியாததால் இரண்டு அளவும் எடுத்து வந்தாராம். நான் வாலாஜாபாத் போய் வந்த கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்க ஊருக்கே போய்ட்டு வந்துகிறீங்க சார். முன்னாடியே சொல்லியிருந்தா வூட்லயே காபி போட்டுக் குடுத்திருப்பேனே."

என் கால் ஒன்பது. மூன்று வருஷமாக என் கால் அளவைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை என்பது அந்த நிமிஷம் ஏனோ ஞாபகம் வந்தது. ஒரு காலணிக்கு இவ்வளவு உருகுகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று என்னையே திட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

பிரஸ்ஸுக்கு முன்னால் என் இரண்டு பூட்டையும் மாட்டினேன். ஏழுமலை பார்த்தார். ரெண்டு பூட்டா சார் என்று கேட்டார். ஒன்று கரண்டுக்கு, ஒன்று எண்ணெய்க்கு என்றேன். இருபத்திரண்டு வருஷமாக பிரஸ்ஸோடு மல்லுக்கட்டும் ஆளிடம் சொல்லக்கூடிய பொய்யா அது? அந்தத் தொழிற்சாலையில் பூட்டு எத்தனையோ ஆள் அத்தனை இருக்கவேண்டும் என்பது விதி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். குணாவின் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, வெளியாள் பூட்டு இரண்டு, ஆள் ஒருவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்காக அவர் விதியை வளைத்தது எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இயந்திரத்துக்குள் புகுந்துகொண்டேன்.

இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இங்கே ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள். டீக்கடையில் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள், பைக்கில் முன்னால் இருப்பவர் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறார்கள். எங்கள் நாட்டில் இதில் கால்வாசி செய்தால் ஊர் பேசும். முதல் இரண்டு நாளில் ஒரு கிரேன் ஓட்டுநர், ஒரு வெல்டர், கேன்டீன் மேற்பார்வையாளர் என்று ஐந்து பேர் என் தோளில் கை போட்டார்கள். ஐந்து பேரிடமும் எனக்கு ஒரு நப்பாசை வந்து, மறுநிமிஷம் அவர்கள் மனைவி மக்கள் படத்தைக் காட்டியதும் போனது. என் மேல் கை படாமல் பார்த்துக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். ஸ்பேனரைக் கொடுக்கும்போதுகூட ஏழுமலை நுனியைப் பிடித்து நீட்டினார். அந்த ஜாக்கிரதை எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அதே ஜாக்கிரதையோடுதான் நானும் பிழைத்து வருகிறேன்.

இரண்டாம் நாள் அவர் அடுக்குக் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தார். அண்ணன் குடும்பத்தோடுதான் இருக்கிறாராம். அண்ணி கைப்பக்குவம், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கேன்டீன் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்களிடமும் நெத்திலி உண்டு, பொரித்துத் தேங்காய்ப்பால் சோற்றின் தலையில் தூவுவோம். இவர்கள் அதைக் கத்தரிக்காயோடு புளியில் கொதிக்கவிட்டிருந்தார்கள். மூக்கில் தண்ணீர் வழிய வழியத் தின்றேன். அவர் தன் பங்கிலிருந்த கத்தரிக்காயையும் என் தட்டுக்குத் தள்ளினார். குணா போனபிறகு ஒருவர் தட்டிலிருந்து என் தட்டுக்கு எதுவும் வந்ததில்லை. காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ஒன்பது மணிக்கு பைக்கில் வந்து நின்றார். முந்தின நாளே முடிவெட்டிக்கொண்டு, விடுதிக் கண்ணாடி முன் மூன்று சட்டையை மாற்றிப் பார்த்தவன் நான். கடைசியில் முதலில் போட்டதையே போட்டுக்கொண்டு இறங்கினேன். சுற்றிப் பார்க்க இருந்ததெல்லாம் ஒரு கம்பெனி மதில், அதைத் தாண்டி இன்னொரு கம்பெனி மதில், நடுவில் துண்டு வயல், வயலில் பிளாட் விற்பனைக்கு என்று ஒரு பலகை. அவருடைய சித்தப்பா நிலம் இப்போது ஒரு குடோனாக இருந்தது. அதைக் காட்டியபோது அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நெல்லு ஞாயித்துக்கெழம லீவு குடுக்காது சார் என்றார்.

பத்தாவது நிமிஷம் பைக் பஞ்சர். ஒட்டுப்போடும் கடைக்காரர் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். அதனால் சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஏழுமலையின் முழங்கால் என் முழங்காலில் பட்டது. ஷேர் ஆட்டோவில் எல்லோர் முழங்காலும் எல்லோர் மேலும் படும். எனக்கு இடப்பக்கமிருந்த பூக்காரம்மாவின் முழங்காலும்தான் பட்டது, அதற்காக நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டுக்கும் மாத்திரை. இதில் முழங்கால் பட்டதற்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பரோட்டா சாப்பிட்டுவிட்டு ரயில் நிலையத்து நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மின்சார ரயில் ஒன்று வந்து ஆட்களைக் கொட்டிவிட்டுப் போனது. நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டார். ஊர் ஊராகச் சுற்றும் வேலை, நேரமில்லை என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர் சிரிக்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார்.

"எனக்கு இருவத்தஞ்சு வயசுல பொண்ணு பாக்க ஆரம்பிச்சாங்க சார். நேரா ஜோசியருகிட்ட போனேன். தோஷம் கீதுன்னு சொல்லிடுங்கன்னு கால்ல வுழுந்தேன். நல்ல மனுசன், ஏன்னு கேக்கல. செவ்வாய் தோஷம், கட்டிக்கிற பொண்ணு உயிருக்கே ஆபத்துன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் ஒருத்தரும் எங்க வூட்டுப் பக்கம் வரல."

அப்படியானால் ஜாதகத்தில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டேன்.

"சுத்த ஜாதகம் சார். எனக்குத்தான் பொண்ணு வேணாம்."

இதை அவர் இதற்கு முன் யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்தப் பூட்டுல கீறாரே, அவரு யாரு சார்?"

கதவை ஒரு மனிதர் முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு வா என்று நிற்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கூட வேலை பார்த்தவர், சும்மா ஒரு ஞாபகத்துக்கு வைத்திருக்கிறேன் என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று. பதினெட்டு வருஷப் பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகுமா? இன்னொன்றும் உண்மை. குணா யார் என்று சொல்லிவிட்டால், அவர் இடத்தில் இன்னொருவரை நினைக்கத் தொடங்கியதையும் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன்.

ஏழுமலை சரி சார் என்றார். அவ்வளவுதான். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை கேரியர் வரவில்லை. கேன்டீன் சாம்பாரைத் தின்றேன், நல்ல சாம்பார்தான், பாதியில் எழுந்துவிட்டேன். பிரஸ் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. கசிவு நின்று, ஓட்டிப் பார்த்து, வேலை முடிந்ததென்று மேனேஜர் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஏழுமலை வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார். ஸ்பேனரை என் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை கிளம்பவேண்டும். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமென்று அச்சு மாற்றும் இடைவேளையில் கடைசியாக உள்ளே போனேன். வெளியே வந்தபோது ஏழுமலை தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு பத்தடி தூரம் போயிருந்தார். ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பாரா என்று அவர் முதுகையே பார்த்தபடி பூட்டைக் கழற்றிப் பையில் போட்டேன். திரும்பவில்லை. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

படப்பைக் கடைத்தெருவில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஏழுமலையின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பாருங்கள் என் புத்தியை, எடுப்பதற்கு முன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

"சார், ஸ்பீக்கர்ல போட்டுகிறேன். சேப்டி மேடம் பக்கத்துல கீறாங்க. குணசேகரன் எங்க சார்?"

பைக்குள் கையை விட்டேன். ஒரு பூட்டுதான் இருந்தது. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட மறக்காத குணாவை, இன்னொருவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

பாதுகாப்பு அதிகாரி செல்வராணி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். அவர் குரல் வந்தது. பிரஸ்ஸில் ஒரு பூட்டு தொங்குகிறது, அந்தப் படத்திலிருப்பவர் வந்ததாக வாசல் பதிவேட்டில் இல்லை, போனதாகவும் இல்லை, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பதறினார். எனக்கு வார்த்தை ஒழுங்காக வரவில்லை. அவர் செத்துட்டார் மேடம் என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. யாரோ ஆம்புலன்ஸ் என்று கத்தினார்கள். இங்கே இல்லை, பட்டர்வொர்த்தில், மூன்று வருஷத்துக்கு முன் என்று நான் விளக்குவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. ஆனாலும் செல்வராணி விடவில்லை. போனில் சொல்வதை வைத்துப் பூட்டை எடுக்க முடியாது, நேரில் வந்து எழுதிக் கொடுக்கவேண்டும், அதுவரை லைன் ஓடாது என்றார். நான்கு நாளாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பது ஏழுமலை, அவரை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே வியர்த்தது.

கார் டிரைவருக்கு விமான நிலையத்தில் அடுத்த சவாரி இருந்தது, திரும்பமாட்டேன் என்றார். படப்பையிலேயே இறங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்திலிருந்த அம்மா தன் காய்கறிப் பையை என் பெட்டி மேல் வைத்துவிட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஒரு பூட்டை மறந்துவிட்டேன் என்றேன். வீட்டுப் பூட்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் பெண்டாட்டி திட்டுவாளே என்று கவலைப்பட்டு, இறங்கும்போது இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தார்.

தொழிற்சாலையில் செகண்ட் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் வெளியே வெயிலில் வரிசையாக நின்றார்கள். மூன்று முறை தலை எண்ணியாகிவிட்டதாம். நான் சொன்னதை நம்பினாலும் தேடாமல் விடக்கூடாது என்பது விதி. உள்ளே, பிரஸ்ஸுக்குக் கீழே இருக்கும் குழியில் ஒருவர் டார்ச்சோடு இறங்கி, "குணா சார், குணா சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுதுவிட்டேன்.

செல்வராணி படிவத்தோடு நின்றார். பக்கத்தில் ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் பெயர், எழுதினார். வராத காரணம், காலமானார், எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"அவுகளுக்கு நீங்க என்ன வேணும் சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே விளக்கினார். குடும்பத்து ஆள் என்றால் என் கையெழுத்துப் போதும். கூட வேலை பார்த்தவர் என்றால் எங்கள் கம்பெனியிலிருந்து கடிதம் வரவேண்டும், லைன் நாளைக்குத்தான் ஓடும், கண்டவர் பூட்டையும் மாட்டவிட்டதற்கு ஏழுமலைக்கு மெமோ போகும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

ஏழுமலையைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. ஒரு பொய்யையும் என்னிடம் அவர் எதிர்பார்க்கவில்லை, உண்மையையும் எதிர்பார்க்கவில்லை என்று அந்தக் குனிந்த தலை சொன்னது. நாற்காலிகளை அடுக்கிய அந்த நாள் ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை என்னால் அடுக்க முடியாது.

"என் வீட்டுக்காரர் மேடம்" என்றேன்.

பிரஸ் ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்காது. லைன் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. குழியிலிருந்தவர்கூட டார்ச்சை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

செல்வராணி என்னைப் பார்த்தார், பூட்டிலிருந்த படத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். விதிப்புத்தகத்தில் இதற்குப் பக்கம் இல்லை போலிருந்தது. எத்தனை வருஷம் என்று மெதுவாகக் கேட்டார். பதினெட்டு என்றேன். குனிந்து எழுதினார். பிறகு படித்துப் பார்த்தேன், குடும்பத்தினர் என்றிருந்தது.

அடுத்தது பூட்டு. சொந்தக்காரர் இல்லாத பூட்டை வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்பது விதி. ஒருவர் நீளமான கைப்பிடியுள்ள வெட்டுக் கத்திரியோடு தயாராக வந்துவிட்டார். அப்போதுதான் ஏழுமலை தலையைத் தூக்கினார்.

"வெட்ட வேணாம் மேடம். வூட்டு ஆளு வந்துட்டாரு இல்ல. அவரே தொறக்கட்டும்."

செல்வராணி யோசித்தார். சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார். நான் போடுறேன் என்று ஏழுமலை பேனாவை வாங்கிக்கொண்டார்.

முதலில் தப்பான சாவியைப் போட்டேன், அது என் பூட்டுச் சாவி. இரண்டாவது சாவியில் குணாவின் பூட்டு திறந்துகொண்டது. எல்லோரும் தள்ளி நிற்க, மணி அடித்து, பிரஸ் முதல் தகட்டை அடித்தது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. விமானம் போய்விடும் என்று அப்போதுதான் உறைத்தது. வருத்தப்பட முயற்சி செய்தேன், வரவில்லை.

வெளியே மரத்தடியில் ஏழுமலை பூட்டைக் கேட்டு வாங்கி, படத்திலிருந்த எண்ணெய்க் கறையைக் கைக்குட்டையால் துடைத்தார். "கண்ண மூடிகினு கீறாரே" என்றார். படம் எடுக்கும்போது தும்மல் வந்துவிட்டது, வேறு எடுக்கலாம் என்றால் கேட்கமாட்டார், அப்படிப்பட்ட பிடிவாதக்காரர் என்றேன். அவருக்கு என்ன பிடிக்கும், எப்படிப் பேசுவார் என்று ஏழுமலை கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்று வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. நடுவில் கொய்யாப்பழத்தை ஆளுக்கொன்றாகத் தின்றோம்.

கடைசியில் பூட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என் பெட்டியிலேயே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பரவால்ல சார், நான் ஜோசியரையே பொய் சொல்ல வச்சவன் என்றார்.

திங்கட்கிழமை ஏன் சாப்பாடு கொண்டுவரவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதுதான், மனசு ஆறவில்லை.

"கொண்டாந்தேன். குடுக்கத்தான் இல்ல. ஸ்டோர் ரூம்ல ஒக்காந்து ரெண்டு பேர் சோத்தையும் நானே துன்னேன். நைட்டெல்லாம் நெஞ்சு கரிச்சுது."

இடம் கிடைத்த அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்துத்தான். விடுதியில் அறையைக் காலி செய்தாயிற்று. வாலாஜாபாத்தில் அண்ணி இன்றைக்கும் கருவாட்டுக் குழம்புதான் வைத்திருக்கிறாராம். யார் என்று கேட்டால் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்றேன். இன்னும் யோசிக்கல, போற வழியில யோசிக்கலாம் என்றார்.

பைக் நிற்கும் இடத்துக்கு டீ இடைவேளைக் கூட்டத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் சொன்ன வார்த்தை அதற்குள் தொழிற்சாலை முழுக்கப் போய்விட்டிருந்தது. என் தோளில் கைபோட்ட ஐந்து பேரும் அங்கே நின்றிருந்தார்கள், பேச்சு சட்டென்று நின்றது. ஏழுமலை என் பெட்டியை இடக்கையில் மாற்றிக்கொண்டார். வலக்கையைத் தூக்கி, ஐந்து நாளில் முதல்முறையாக, என் தோளில் போட்டார்.

எல்லோரும் பார்த்தார்கள். பைக் வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.